காதுக்கூலி

துவக்கு வாங்கப் போகிறவர்
பியானோவுக்குச் சுருதி சேர்ப்பவனை ஏன் கூட்டிப்போகிறார்
என்று ஓட்டோக்காரனே கேட்டான்.
துவான் கிச்சிலான் சிரித்தார்:
"கண்ணுக்கு நான், காதுக்கு இவன்."
கொட்டாஞ்சேனையிலிருந்து பாமன்கடை வரைக்கும்
அதே பகிடி மூன்று முறை.

திருமதி ஷோக்மன் கதவைத் திறக்கையில்
மழை வரப் பார்த்தது.
மேசையில் பழைய படுக்கைவிரிப்பு, அதன்மேல்
இரட்டைக்குழல், பர்மிங்காம்,
குதிரை இரண்டும் வெளியே தெரிகிற மாதிரி.
பக்கத்தில் லைசென்ஸ்,
ஆண்டுக்கொரு முத்திரை.
கடைசி ஆறு மட்டும் அந்த அம்மாவின் பெயரில்.

துவான் முதலில் பிடங்கின் கழுத்தைப் பார்த்தார்.
வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்குமாம்.
முன்கட்டையைக் கழற்றிவிட்டுக்
குழலைப் பிடித்து ஆட்டினார்,
கடைவாய்ப் பல்லை ஆட்டும் டாக்டர் போல.
ஆடவில்லை.
விரலை நெடுக ஓட்டி
ஓர் ஒடுக்கைக் கண்டுபிடித்ததில் முகம் மலர்ந்தது,
பத்தாயிரம் குறைக்கலாம்.
தோட்டா அறை கட்டை,
இப்போதைய தோட்டாவைப் போட்டால் கன்னத்தைக் கொண்டுபோகும்.
"சுடவா வாங்குகிறேன்" என்றார் தனக்கே.

பிறகு என் முறை.
குழல்களைத் தனியே எடுத்து
கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு
விரல் மொளியால் தட்ட வேண்டும்.
இரண்டுக்கும் நடுவே ஓடுகிற விலா
ஈயப்பற்று விடாமல் இருந்தால் மணிபோல் நின்று ஒலிக்கும்.
விட்டிருந்தால் இரையும்,
போத்தலில் அகப்பட்ட தேனீ.

தட்டினார்.
இரைந்தது.

ஆனால் என் இடது காது
கோட்டைப் பக்கம் ஒரு புதன்கிழமை போனது.
அன்றிலிருந்து அதற்குள்ளும் ஒரு தேனீ.
யாருக்கும் சொன்னதில்லை.
சொன்னால் எந்தக் கன்னியர்மடம்
பியானோவைத் தொட விடும்?
வலக்காதைத் திருப்பினேன்.
"இன்னொருக்கா."
கராஜ் தகரத்தில் மழை தொடங்கிவிட்டது.
"இன்னொருக்கா."

இந்த மாதிரி வேளைக்கு என்னிடம் ஒரு வழி உண்டு.
பியானோவின் மரத்தைப் பல்லால் கடிப்பேன்,
எலும்பு பொய் சொல்லாது.
யோசிக்கவில்லை.
குழல்வாயைப் பல்லில் வைத்துக்
கண்ணை மூடிக்கொண்டு
தட்டும்படி சைகை காட்டினேன்.

"வேண்டாம்."

தமிழில்.
அதுவரை ஆங்கிலம் தவிர ஒரு சொல் பேசாத அம்மா.
கை யன்னல் சட்டத்தைப் பிடித்திருந்தது.

வாயை எடுத்தேன்.
துவான், எதையாவது செய்ய வேண்டுமே என்று,
குழல்களை வெளிச்சத்துக்கு நேரே உயர்த்தினார்.
எனக்கும் காட்டினார்.
இடது குழல் கண்ணாடி,
வளையம் வளையமாய் வெளிச்சம், முடிவில் ஒரு துண்டு மாமரம்.
வலதில் துரு தின்ற குழிகள், அம்மைத் தழும்பு.
முன்விசையை இழுத்தால் வெடிக்கிற குழல் அது.

"எட்டு மாதம் பொலிஸில் இருந்தது."
மறுபடி ஆங்கிலம்.
"அவர்களுக்கு எண்ணெய் போடத் தெரியாது."

பொலிஸில் இருந்தது ஒரு குழல் மட்டுமா
என்று துவான் கேட்கவில்லை.
முப்பது வருடம் சுட்ட அன்றே துடைத்து வைத்த ஒருவர்
ஒரேயொரு தடவை துடைக்காமல் விட்ட கணக்கு
என்னைவிட அவருக்குச் சீக்கிரம் வந்திருக்கும்.
ஒடுக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை.
கேட்ட விலைக்கு முற்பணம் வைத்தார்.

"இன்றைக்கே கொண்டுபோக முடியாதா?"

முடியாது. பெயர் மாற்றக் கடிதம் வர வேண்டும்,
ஒரு மாதம், இரண்டும் ஆகலாம்.
அம்மா தலையசைத்தார்.
விரிப்பின் நான்கு மூலையையும் எடுத்து மூடினார்.

ஹவ்லொக் வீதி முழுக்க வெள்ளம்,
ஓட்டோ நீந்தியது.
"விலா எப்படி?" என்றார் துவான்.
"இறுக்கம்" என்றேன்.
எனக்குத் தெரியாது.
ஐயாயிரத்தை என் சட்டைப் பையில் திணித்தார்,
காதுக்கூலி.

முன்பல்லில் எண்ணெய் ருசி போகவே இல்லை.
பழசு கசக்கும். இது புதுசு,
இந்த வாரம் போட்டது,
தையல் மெசினுக்குப் போடுகிற எண்ணெய்.